லிஜிக்கு ஒரே ஒரு வசனம்

“…அதனால நாடகத்துக்க பிரயோஜனம் என்னண்ணு நல்ல மாதிரி எழுதித் தாங்க. அந்த ஜெபத்தை மட்டும் எழுதப்பிடாது. எழுதினியண்ணா நாளைக்கு இந்த வீட்டுல அடுப்புல தீ கத்தாது, கேட்டியளா?”

சொன்னவள் என் மனைவி சுகந்தி. கேரள எல்லையோரம் பாறசாலைப் பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியை. பள்ளியின் ஆண்டு மலருக்கு ‘தொடக்கப்பள்ளியில் நாடகத்தின் பயன்கள்’ என்று ஒரு கட்டுரை வேண்டுமாம். எழுதித் தருவதாக ஏற்றிருந்த பெரியவர் கண் ஆபரேஷன் என்று சொல்லிக் கையை விரித்துவிட்டார். மலர் அச்சுக்குப் போக இரண்டு நாள்தான் பாக்கி. வீட்டில் சும்மா இருக்கிற ஆள் நான் ஒருவன்தானே!

ஒரு உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வாழ்க்கையில் ஒரே ஒரு நாடகம்தான் போட்டிருக்கிறேன். அதில் கதாநாயகன் பாதியில் ஓடிப்போனான். மழை பெய்ய வேண்டிய இடத்தில் பெய்யாமல் வேறு இடத்தில் பெய்தது. என் ஆம்ப்ளிஃபயர் அன்றோடு செத்தது. நாடகத்தில் எழுதப்பட்டிருந்த வசனங்களில் பாதியை ஊர் இன்றுவரை கேட்கவில்லை. எழுதப்படாத ஒன்றைத்தான் கேட்டது. அதுதான் சுகந்தி எழுதக் கூடாது என்று சொல்லும் அந்த ஜெபம். அதை விட்டுவிட்டு நாடகத்தின் பயனைச் சொல்வது, பலாச்சக்கையில் சுளையை எடுத்து வைத்துவிட்டு முள்ளை மட்டும் இலையில் விளம்புவது போல. ஆகவே எழுதுகிறேன். அடுப்பு விஷயத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். (பாறசாலையில் புட்டும் கடலையும் கிடைக்கும் கடைகள் நிறைய உண்டு.)

இருபது வருஷத்துக்கும் மேலாகிவிட்டது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தொழில் மைக் செட். கல்யாணம், சாவு வீட்டு அடியந்திரம், சபைக் கன்வென்ஷன், கோயில் கொடை, கட்சிக் கூட்டம் என்று எல்லாருக்கும் சத்தம் கொடுப்பவன் நான். பத்தாம் கிளாசில் கணக்கு என்னைக் கைவிட்டது. அதன்பிறகு நான் படித்ததெல்லாம் ஜீப்பில் உட்கார்ந்து நோட்டீஸ் வாசித்துப் படித்ததுதான். நெய்யாற்றங்கரை தாண்டினால் மலையாளத்தில் வாசிப்பேன், இந்தப் பக்கம் திரும்பினால் தமிழில். நடுவில் இருக்கிற ஊர்களில் இரண்டையும் கலக்கி அடிப்பேன். யாரும் கேட்க மாட்டார்கள். அவர்களும் அப்படித்தான் பேசுவார்கள்.

என் அக்கா ரோஸ்லெட்டின் மகள் லிஜி, மூன்றாம் கிளாஸ், தமிழ் டிவிஷன். அத்தான் கல்ஃபில். அக்காவும் லிஜியும் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். வீட்டில் லிஜி வாயை மூடுவது உறங்கும்போது மட்டும்தான். கோழியிடம் பேசுவாள், உலக்கையிடம் பேசுவாள், யாரும் கிடைக்கவில்லை என்றால் சோற்றிடம் பேசிக்கொண்டே சாப்பிடுவாள். ஆனால் பள்ளிக்கூடத்து வாசல் தாண்டினால் ஒரு எழுத்து வெளியே வராது. ஒன்றாம் கிளாசில் சேர்த்த நாள் முதல் இதே கதை. டீச்சர் பேர் கேட்டால் தலையைக் குனிவாள். பாட்டு பாடச் சொன்னால் கண்ணில் தண்ணீர் வரும். அடித்துப் பார்த்தார்கள், மிட்டாய் கொடுத்துப் பார்த்தார்கள். மிட்டாயை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

ஹெட்மாஸ்டர் விக்ரமன் சார் கெட்டவர் இல்லை. மலையாளம் பேசுகிறவர், கண்டிப்பானவர், பிள்ளைகள் மத்தியான உச்சக்கஞ்சி குடித்து முடிக்காமல் தான் உண்ணாதவர். அவர் அக்காவைக் கூப்பிட்டு, “மூன்று கொல்லமாயி. ஆண்டு விழாவுக்குள்ள குட்டி ஒரு வாக்கெங்கிலும் சம்சாரிச்சில்லெங்கில், நமக்கு இவளெ திருவனந்தபுரத்து ஸ்பெஷல் ஸ்கூலிலாக்காம். அவிடெ ஹாஸ்டலுண்டு. எல்லாம் அவளுக்கு நல்லதுக்கு வேண்டியாணு” என்றார். மூன்று வருஷமாயிற்று, விழாவுக்குள் ஒரு சொல்லாவது பேசாவிட்டால் ஹாஸ்டல் பள்ளி என்று அர்த்தம்.

எட்டு வயதுப் பிள்ளை. தாயைக் கட்டிப்பிடிக்காமல் உறங்காத பிள்ளை. ஹாஸ்டல் என்ற சொல்லைக் கேட்ட அக்கா, வீட்டுக்கு வந்து முற்றத்தில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “வாயுள்ள பிள்ளை பிழைக்கும்ணு சொல்லுவாவ. எனக்க பிள்ளைக்கு வாய் உண்டும் மக்கா, அத வீட்டுல வச்சிட்டுல்லா பள்ளிக்கூடத்துக்குப் போவுது” என்றாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்து மணியடிக்கும் ஸ்பீக்கரை ரிப்பேர் பார்க்க நான் போயிருந்தேன். (ஸ்பீக்கரில் ரிப்பேர் ஒன்றும் பெரிதாக இல்லை. அந்த மாதம் அது நான்காவது ரிப்பேர். காரணம் பின்னால் வரும்.) ஹெட்மாஸ்டரின் அறையில் புதிதாக வந்த டீச்சர் ஒருத்தி அவரிடம் வாதாடிக்கொண்டிருந்தாள். பெருங்கடவிளைக்காரி, லிஜியின் கிளாஸ் டீச்சர். அதுதான் காரணம். பேர் சுகந்தி.

“சாரே, நாடகத்துல அவளுக்கு ஒரு வேஷம் குடுத்துப் பாப்போம்” என்றாள் சுகந்தி டீச்சர். “கிளாசுல பேசணும்ணா லிஜிதான் பேசணும். நாடகத்துல பேசுயது லிஜி இல்ல, வேற ஆளாக்குமே. பிள்ளைகளுக்கு அது ஒரு மறைவு.”

“நாடகம் களிச்சு நடந்தா குட்டிகள் பரீட்ச எப்ப எழுதும்? ஆரு படிப்பிக்கும் நாடகம்?” என்று கேட்டார் சார்.

அந்த நேரத்தில் ஸ்டூல் மேல் ஸ்பீக்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற ஒரு மடையன், “நான் படிப்பிக்கியேன் சார்” என்றான்.

விக்ரமன் சார் மேலே நிமிர்ந்து பார்த்தார். “ஜஸ்டினே, நினக்கு நாடகம் அறியாமோ?”

“அறியாம் சார். நடிச்சிட்டுண்டும்.” (மலையாளத்தில் ‘அறியாம்’ என்றால் தெரியும்.)

நடித்ததுண்டு என்பது பொய்யில்லை. சபையில் கிறிஸ்மஸ் நாடகத்தில் சாஸ்திரிகள் ஏறிவந்த ஒட்டகத்தின் பின்னங்கால்கள் இரண்டும் நான்தான். சாக்குத் துணிக்குள் குனிந்து நின்றதால் அந்த நாடகம் எதைப் பற்றியது என்றுகூட எனக்குத் தெரியாது. இந்த அனுபவத்தோடு நான் டைரக்டர் ஆனேன்.

சுகந்தி டீச்சர் என்னைப் பார்த்து, “நல்ல காரியம் அண்ணா” என்றாள். அந்த ‘அண்ணா’ கொஞ்சம் குத்தியது. இருந்தாலும் ஸ்டூலில் இருந்து இறங்கும்போது எனக்குக் கால் தரையில் படவில்லை. (உண்மையிலேயே படவில்லை, ஸ்டூல் சாய்ந்து விழுந்தேன்.)

நாடகத்தை நானே எழுதினேன். கதை எளிது. ஊரில் மழை இல்லை. வாழையும் மரச்சீனிக் கிழங்குச் செடியும் வாடுகின்றன. ஊர்க்காரர்கள் சபை உபதேசியாரிடம் போகிறார்கள். அவர் ‘ஜெபிப்போம்’ என்று சொல்லி இரண்டு வரி ஜெபம் செய்கிறார். பக்கத்தில் நிற்கும் சிறுமி ‘ஆமென்’ என்கிறாள். உடனே மழை கொட்டுகிறது. எல்லாரும் ஆடிப்பாடுகிறார்கள். முடிந்தது.

அந்தச் சிறுமிதான் லிஜி. அவளுக்கு ஒரே ஒரு வசனம்: ஆமென். ஒரு சொல். அதைச் சொல்லிவிட்டால் ஹெட்மாஸ்டரின் ‘ஒரு வாக்கெங்கிலும்’ நிறைவேறிவிடும், ஹாஸ்டல் போய்விடும். இது என் கணக்கு. (கணக்கில் தோற்றவன் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.)

உபதேசியார் வேஷம் அனந்துவுக்கு. அவன் கோயிலுக்குப் போகிற வீட்டுப் பையன். ஆனால் அவன் அப்பாவின் டீக்கடைக்குப் பின்மதில் எங்கள் சபையின் மதில். பிறந்ததில் இருந்து ஞாயிறு தவறாமல் மதில் வழியாகவே பிரசங்கம் கேட்டு வளர்ந்ததால், ‘ஜெபிப்போம்’ என்று அவன் இழுத்துச் சொன்னால் எங்கள் போதகரே திரும்பிப் பார்ப்பார்.

ஒத்திகை தினமும் மூன்றரை மணிக்கு, மைதானத்து அயினி மரத்தடியில். எல்லாரையும் அடிக்கிற ஒரு பையனை மரமாக்கினேன். மரம் அடிக்காதல்லவா? அரைமணி நேரம் கையை விரித்து நின்றான். மூன்றாம் நாள் அவன் கிளையின் கீழ் இரண்டு சிறுமிகள் நிழலுக்கு உட்கார்ந்தபோது, ‘நல்லா நெழல் உண்டா?’ என்று அவனே கேட்டான். மேகங்களை மலையாளம் டிவிஷனில் இருந்து எடுத்தோம். அதுவரை இரண்டு டிவிஷனும் குடிதண்ணீர்க் குழாயடியில் மட்டும்தான் சந்திக்கும், அதுவும் சண்டைக்கு. மேகம் வந்தபிறகு எங்கள் மரமும் அவர்கள் மேகமும் ஒரே வாழையிலையில் அவல் தின்றன. நாடகத்தின் பயன் என்று கேட்டால் இதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். அப்போது இதெல்லாம் என் கண்ணில் படவில்லை. என் கண் வேறு திசையில் இருந்தது.

லிஜி? ஒவ்வொரு ஒத்திகையிலும் அவள் இடம் வரும். எல்லாரும் அவளைப் பார்ப்பார்கள். அவள் உதடு பிரியும், அசையும், மூடும். சத்தம் வராது. நான் “பாஸ்!” என்று கத்திவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுவேன்.

வீட்டுக்கு வந்தால் அக்கா கேட்பாள்: “எலே, பிள்ளை சொன்னாளா?”

“சொன்னா அக்கா. சத்தம் கொஞ்சம் கொறவு. மைக் வச்சா செரியாவும்.”

இதைச் சொல்லும்போது லிஜி என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் மேற்கூரையில் ஏதாவது ஓடு மாறியிருக்கிறதா என்று பார்ப்பேன்.

எங்கள் பக்கத்துச் சபைக்கார வீடுகளில் உள்ள ஒரு வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். சாயங்காலம் விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபம். ஒவ்வொரு நாளும் ஒருவர் முறை. ‘ஜெபிப்போம்’ என்ற சொல் காதில் விழுந்தால் எழுந்து நிற்க வேண்டும், கண்ணை மூட வேண்டும், ‘ஆமென்’ வரும்வரை திறக்கக் கூடாது. திறந்தால் தொடையில் நுள்ளு, அதாவது கிள்ளு, விழும். சின்ன வயதில் விழுந்த நுள்ளில் பழகிப்போய், எழுபது வயதுக்காரர்களுக்கும் அந்தச் சொல் கேட்டால் முட்டு தானாக நிமிரும், இமை தானாக இறங்கும். லிஜியின் முறை வரும் நாளில் எங்கள் வீட்டில் சோறு ஆறிவிடும். அக்காவின் முட்டுவலியில் தொடங்கி, ஆட்டுக்குட்டியின் கழிச்சல், அடுத்த வீட்டுக்காரி திருப்பித் தராத அரிவாள்மணை வரை ஒன்றுவிடாமல் சொல்லி முடிப்பாள். ஒருநாள் அக்கா சொன்னாள், “இவ ஜெபம் கேட்டா ஆண்டவருக்கு ரேஷன் கார்டு வேண்டாம், வீட்டு விவரம் மொத்தமும் கிட்டும்.”

இது எனக்குத் தெரியும். தெரிந்தும் மூளையில் ஏறவில்லை.

ஆண்டு விழா வந்தது. மைதானத்தில் பந்தல், முன்னால் மேடை, மேடையின் ஓரத்தில் நானும் என் ஆம்ப்ளிஃபயரும். மழைக்கு நான் செய்திருந்த ஏற்பாடு ஊரில் யாரும் பார்த்திராதது. வாழைக்குத் தண்ணீர் விடும் பச்சைக் குழாயில் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் ஐம்பது ஓட்டை போட்டு, மேடைக்கு மேலே மூங்கிலில் கட்டியிருந்தேன். குழாயின் ஒரு முனை பள்ளிக்கூடத்துத் தண்ணீர் டாங்கில். மறுமுனையில் மரக்கட்டை அடைப்பு. திறக்கிற வால்வு என் கைப்பக்கம். ‘ஆமென்’ கேட்டதும் திறக்க வேண்டும். விழாவுக்கு முந்தின நாள் ஒத்திகையில் அழகாகத் தூறியது. டாங்கில் அன்று கால்வாசித் தண்ணீர்தான் இருந்தது என்பதை நான் யோசிக்கவில்லை. விழாவுக்கு வருகிறவர்களுக்காக ஹெட்மாஸ்டர் காலையில் டாங்கை நிறைத்துவிட்டார் என்பதும் எனக்குத் தெரியாது. (மின்சாரத்தோடு பிழைக்கிறவன் தன் மெஷினுக்கு மேலே தண்ணீரைக் கட்டித் தொங்கவிட்டான் என்று சொன்னால் என் தொழில்காரர்கள் இன்றும் நம்ப மாட்டார்கள்.)

பந்தல் நிறைந்தது. முன்வரிசையில் விக்ரமன் சார். அவர் பக்கத்தில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மூக்குக் கண்ணாடி போட்ட ஒருவர். சுகந்தி டீச்சர் மேடையின் எதிர் ஓரத்தில் பிள்ளைகளோடு நின்றாள். திரும்பி என்னிடம் சைகையால் காட்டினாள்: எனக்க அப்பா. பேர் தாசையன்; பெருங்கடவிளையில் அவர்கள் சபையின் மூப்பர். விழா முடிய நேரமாகும் என்பதால் மகளை ஸ்கூட்டரில் கூட்டிப்போக வந்தவர். நான் அவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். மைக்கைப் பிடித்திருந்த கையால் போட்டதால் ஸ்பீக்கர் ‘க்ர்ர்’ என்றது. அவர் திடுக்கிட்டார். எங்கள் முதல் சந்திப்பு அதுதான்.

நாடகம் தொடங்கியது. வாழை வாடியது, மரம் நிழல் கொடுத்தது, மேகங்கள் மலையாளத்தில் “ஞங்கள் இப்போ வரூல்லா” என்று வர மறுத்துவிட்டுப் போயின. கைதட்டல். அனந்து வெள்ளை அங்கி மாட்டி மைக் முன்னால் வந்தான். பக்கத்தில் லிஜி, தலை குனிந்தபடி. அக்கா ஐந்தாவது வரிசையில் முந்தானையை வாயில் வைத்திருந்தாள்.

அனந்து மதிலுக்கு அந்தப்பக்கம் இருந்து கேட்டு வளர்ந்த அந்தக் குரலை எடுத்தான். “ஜெபிப்போம்!”

என் ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர். ஊரே கேட்டது. பந்தலில் இருந்த அத்தனை பேரும் சடசடவென்று எழுந்தார்கள். நாற்காலிகள் பின்னால் தள்ளப்பட்டன. கண்கள் மூடின. தலைகள் குனிந்தன. சபைக்காரர்கள் எழுந்ததைப் பார்த்துக் கோயில்காரர்களும் எழுந்து நின்று கண்ணை மூடிக்கொண்டார்கள். அண்டை வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வந்து வந்து அவர்களுக்கும் இது பழக்கம். விக்ரமன் சார் கையைக் கட்டிக் கண்ணை மூடினார். டீக்கடைக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிவிட்டுக் கண்ணை மூடினார்.

அனந்து நிமிர்ந்து பார்த்தான். தன் ஒரு சொல்லுக்கு ஒரு ஊரே எழுந்து கண்மூடி நிற்கிறது; அதில் தன் சொந்த அப்பாவும் அடக்கம். அவன் முகம் வெளுத்தது. இரண்டு வரி ஜெபமும் எங்கே போயிற்றோ! அங்கியை முட்டுவரை தூக்கிக்கொண்டு மேடையில் இருந்து கீழே ஒரே சாட்டம். மைதானத்தைத் தாண்டி ஓடியவன் வீட்டில் போய்த்தான் நின்றான்.

மேடையில் லிஜி மட்டும். முன்னால் மைக். எதிரே கண்மூடி நிற்கும் ஊர். ‘ஆமென்’ வராமல் யாரும் கண்ணைத் திறக்க மாட்டார்கள். அரை நிமிஷம். ஒரு நிமிஷம். பின்வரிசையில் ஒருவர் தொண்டையைச் செருமினார். நான் ஓரத்தில் நின்று, ‘சொல்லு மக்கா, ஆமென் சொல்லு, அவ்வளவுதான்’ என்று வாயால் சைகை காட்டினேன்.

லிஜி தலையை நிமிர்த்தினாள். மெல்லப் பந்தலைப் பார்த்தாள். ஒரு கண்கூட அவளைப் பார்க்கவில்லை. அவள் தோள் இறங்கியது. கையைக் கூப்பினாள். வீட்டில் விளக்கு வைத்ததும் நிற்பாளே, அந்த நிற்பு.

“அன்பின் ஆண்டவரே” என்றாள்.

ஸ்பீக்கரில் அந்தக் குரல் வந்ததும் அக்காவின் முந்தானை வாயில் இருந்து விழுந்தது.

“இந்த நாளுக்காக ஸ்தோத்திரம். மழை வேணும் ஆண்டவரே. வாழைக்கு வேணும், மரச்சீனிக்கு வேணும். அனந்து ஓடுயான், அவன் விழாம ஓடணும். எங்க அம்மைக்க முட்டுவலி மாறணும். அப்பா கிறிஸ்மசுக்கு வரணும். ஹெட்மாஸ்டர் சாருக்கு பிரஷர் கொறையணும்.”

“ஸ்தோத்திரம்” என்றது கூட்டம், பழக்கத்தில்.

“என்னைய ஹாஸ்டல்ல கொண்டு போய் விடப்பிடாது ஆண்டவரே. எனக்குப் பேச அறியும். எல்லாரும் என்னையே பாத்தா தொண்டைக்குள்ள சக்கக்குரு அடைச்ச மாதிரி வருது, அதாக்கும். இப்ப யாரும் பாக்கல்ல, அதனால வருது.”

அக்காவின் மூடிய கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்து தாடையில் சொட்டியது. அத்தோடு அவள் ஆமென் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரை பள்ளி மலருக்கு ஏற்ற நல்ல கட்டுரையாக இங்கே முடிந்திருக்கும்.

“அப்புறம் ஆண்டவரே, எனக்க மாமாவுக்கு…” என்றாள் லிஜி.

‘போதும், ஆமென்’ என்று நான் மறுபடி வாயசைத்தேன்.

“…எனக்க மாமாவுக்கு சுகந்தி டீச்சரைக் கெட்டிக் குடுக்கணும். மாமா நாடகம் படிப்பிக்க வரல்ல, டீச்சரைப் பாக்க ஆக்கும் வருது. ஸ்பீக்கரு கெட்டுப் போவல்ல, மாமாவே வயரை ஊரி விடும்.”

என் கை ஆம்ப்ளிஃபயரின் சுவிட்சுக்குப் போனது. விரல் அதன்மேல் இருந்தது. ஒரு திருப்பு, என் மானம் பிழைக்கும். மைக் போயிற்று என்று சொன்னால் யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள். ஆனால் சுவிட்சைத் திருப்பினால் அந்தக் குரலும் போகும். மூன்று வருஷமாக அந்தப் பள்ளிக்கூடம் கேட்காத குரல். சத்தம் நின்றால் கூட்டம் கண்ணைத் திறக்கும். கண் திறந்தால் சக்கக்குரு என்ற அந்தப் பலாக்கொட்டை திரும்பத் தொண்டைக்கு வரும். அக்கா அங்கே கண்ணை மூடிக்கொண்டு அழுதபடியே சிரித்துக்கொண்டிருந்தாள்.

கையை எடுத்துவிட்டேன். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மழை வால்வின்மேல் வைத்தேன்.

“மாமா கண்ணாடி முன்ன நிண்ணு ‘சுகந்தி, சுகமா?’ண்ணு சொல்லிச் சொல்லிப் படிக்கும். எனக்க பவுடரு மொத்தமும் மாமா போட்டுத் தீத்தாச்சு. புது டப்பி வேணும் ஆண்டவரே. டீச்சருக்க அப்பாவுக்கு நல்ல மனசைக் குடுக்கணும். மாமா பாவமாக்கும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே, ஆமென்!”

“ஆமென்!” என்று ஊர் முழக்கமிட்டது. ஐம்பது வருஷமாகத் தங்கள் சபையில் எல்லாரையும்விட உரக்க ஆமென் சொல்லிப் பழகிய ஒரு கனத்த குரல் முன்வரிசையில் இருந்து தனியாக எழும்பியது. தாசையன் மூப்பர். சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்த பிறகுதான், எதற்கு ஆமென் சொன்னோம் என்பது அவருக்கு எட்டியது. வாய் திறந்தபடியே நின்றார்.

‘ஆமென்’ கேட்டால் வால்வைத் திறக்க வேண்டும். இரண்டு வாரமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பழக்கிய கை. அது என்னைக் கேட்கவில்லை. முழுவதுமாகத் திறந்தது.

நிறைந்த டாங்கின் மொத்த வேகமும் குழாயில் ஏறியது. ஐம்பது ஓட்டை அதற்குப் போதவில்லை. மரக்கட்டை அடைப்பு துப்பாக்கிக் குண்டு போலத் தெறித்துப் போனது. குழாய் மூங்கிலில் இருந்து பிய்ந்து, சாரைப்பாம்பு மாதிரி இரண்டு தடவை துள்ளி, தலையைத் தூக்கி, நேராக முன்வரிசையைப் பார்த்து நின்றது. திறந்திருந்த தாசையன் மூப்பரின் வாய்க்குள்ளேயே முதல் மழை. அடுத்தது விக்ரமன் சாருக்கு. மூன்றாவதாக என் ஆம்ப்ளிஃபயருக்கு. ‘டப்’ என்று ஒரு சத்தம், ஒரு புகை. நான் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு வால்வை மூடியபோது பந்தலில் பாதிப்பேர் நனைந்திருந்தார்கள். மேகங்களும் மரமும் மேடையில் ஏறி ஆடிக்கொண்டிருந்தன. அவர்களைப் பொறுத்தவரை நாடகம் சரியாகத்தான் நடந்தது.

சொட்டச் சொட்ட நின்ற விக்ரமன் சார் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு வந்தார். லிஜியின் முன்னால் குனிந்தார். “மோளே, மழ பெய்து, கண்டோ?” என்றார்.

லிஜி அவரைப் பார்த்தாள். நேராக, கண்ணுக்குக் கண். “சாருக்க சட்டை நனைஞ்சு போச்சு” என்றாள்.

சார் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். “இவளெ எங்ஙோட்டும் கொண்டுபோகண்டா. இவிடெ நிக்கட்டெ.” அதற்குமேல் அவருக்கும் தொண்டையில் சக்கக்குரு.

நான் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். எதிர் ஓரத்தைப் பார்க்கத் துணிவில்லை. ஒரு ஈர வேட்டி என் முன்னால் வந்து நின்றது.

“எலே, அந்த மாமன் நீயாக்குமா?” என்றார் தாசையன் மூப்பர், கண்ணாடியைத் துடைத்தபடி.

“ஆமா.”

“இந்த மழை?”

“அதும் நானாக்கும்.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு, ஈரத்தோடு ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு போய்விட்டார். அதோடு என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் பெருங்கடவிளையில் அவரை அவர் சபைக்காரர்கள் விடவில்லை. அவர் எங்கே போனாலும், “மூப்பரே, பந்தல்ல வச்சு ஆமென் சொல்லியாச்சாமே! பிறவு என்ன ஆலோசனை?” என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் கையெழுத்தை மாற்றுவார்கள், கட்சியை மாற்றுவார்கள். ஆமெனை மாற்ற யோசிப்பார்கள். நாற்பது நாள் யோசித்தார் மூப்பர். கடைசியில் எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். ஒரே ஒரு நிபந்தனை: கல்யாணத்துக்கு மைக் செட் வேறு ஆளுடையதாக இருக்க வேண்டும்.

இன்றும் என் மாமனார் எங்கள் வீட்டுக்கு எந்த விசேஷத்துக்கு வந்தாலும், மேடமாசத்துக் கோடை வெயிலிலும், கையில் குடை இருக்கும். நான் தோட்டத்தில் குழாயைத் திறந்தால் வீட்டுக்குள் இருந்தபடியே குடையை விரிப்பார். அனந்து இப்போது அப்பாவின் டீக்கடையைப் பெரிய ஓட்டலாக்கிவிட்டான், நான் போனால், “மாமா, ஜெபிப்போமா?” என்று கேட்டுவிட்டு ஓடுவது போல் காட்டுவான். லிஜி அரசு பஸ்சில் கண்டக்டர். நெய்யாற்றங்கரையில் இருந்து களியக்காவிளை வரை இரண்டு பாஷையிலும் அவள் குரல் முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் ஒன்றாகக் கேட்கும். பஸ் முழுவதும் அவளையே பார்க்கிறது. சக்கக்குரு எப்போதோ இறங்கிவிட்டது.

பிள்ளைகளுக்கு நாடகம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான். சில பிள்ளைகளுக்கு வாய் உண்டு, குரல் உண்டு, சொல்லவும் நிறைய உண்டு. நாம் முறைத்துப் பார்க்காமல் இருக்கிற ஒரு இடம் மட்டும்தான் இல்லை. மேடை அப்படி ஓர் இடமாகலாம். டைரக்டர் மடையனாக இருந்தாலும் பாதகமில்லை.

இதை எழுதி முடித்து இன்று காலை சுகந்தியின் மேஜையில் வைத்தேன். அவள் தன் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து முதல் வரியில் இருந்து வாசித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் சட்டையை மாட்டிக்கொண்டு புட்டுக்கடைக்குப் போகத் தயாராக நின்றேன். எழுத்துப்பிழை இரண்டைத் திருத்தினாள். ஜெபம் வந்த இடத்தில் பேனா நின்றது. அடித்துவிடுவாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. ஓரத்தில் எதையோ எழுதி, தாளை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

‘கூட்டம் முழுக்க கண்ணை மூடியது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மூடவில்லை. உங்கள் கை சுவிட்சுக்குப் போனதையும் பார்த்தேன், திரும்பி வந்ததையும் பார்த்தேன். அப்பா ஆமென் சொல்வதற்கு முன்பே நான் சொல்லியாச்சு.’

நான் தலையை நிமிர்த்தியபோது அவள் அங்கே இல்லை. அடுக்களையில் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது.